தாஜுதீன் அரியாங்குப்பத்தின்மேல் படையெடுத்தது

முல்லா வீதி தாஜுதீனுக்கு உலகத்தில் எந்த ஜனாதிபதிமேலும் மரியாதை கிடையாது. எவனாவது தொலைக்காட்சியில் வந்து நின்று, அந்த நாட்டுக்குள் படையை அனுப்புகிறோம் என்று அறிவித்தால் அவர் முதலில் பார்ப்பது அவன் பூட்சைத்தான்.

"பாரு, மூஞ்சி பாக்கலாம் போலக் கீது. மணல்ல ஒரு நாள் நடந்தவன் காலா இது?" என்பார்.

இப்படிப் பேசுவதற்கு அவருக்குப் பாத்தியதை உண்டு. அவருடைய வாப்பா சைகோனில் சொல்தாவாக, சிப்பாயாக, இருந்தவர். அந்த வாப்பாவின் தாய்மாமனும் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் பீரங்கி துடைத்தவர்தான். தாஜுதீனின் மூத்த மச்சான் எந்த நாட்டுக்குப் போனார் என்று அவருக்கே தெரியாமல் போய், தெரியாமலே திரும்பி வந்தார். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் அழைக்காத ஊர்களுக்கெல்லாம் போய்த்தான் பென்ஷன் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறது.

தாஜுதீனும் மீசை முளைத்த கையோடு அதே பட்டாளத்தில் சேர்ந்தார். லாரி ஓட்டினார். ஆப்பிரிக்காவில் ஒரு மணல் தேசத்தில் இறக்கினார்கள். அங்கே ஒரு கப்பித்தேன், இவர்களுக்கெல்லாம் மேலதிகாரி, வரைபடத்தை விரித்து இது ஆறு, இது பாலம், பாலத்தடியில் எதிரி என்று குச்சியால் குத்திக் காட்டினான். போய்ப் பார்த்தால் ஆற்றில் ஒட்டகம் படுத்திருந்தது. பாலத்தடியில் நிழலுக்காகக் கல்யாணம் வைத்திருந்தார்கள். துப்பாக்கியோடு இறங்கிய இவர்களைப் பார்த்ததும் பெண் வீட்டார் இது மாப்பிள்ளை வீட்டாரின் வேலை என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இது பெண் வீட்டாரின் வேலை என்று நினைத்தார்கள். கல்யாணம் நின்றுபோனது. எதிரி எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது.

அதிலிருந்து தாஜுதீன் ஒரு சட்டம் வைத்திருந்தார். தெருமுனை டீக்கடையில் அதைக் கேட்காதவர்கள் கிடையாது.

"அடுத்தவன் ஊட்டுக்குள்ள பூறதுக்கு முன்னாடி மூணு சங்கதி தெரியணும். எப்ப சோறு துன்றான், யாரு பேச்சு எடுபடும், கக்கூசு எந்தப் பக்கம். இது தெரியாம போறவன் ஜெனரலா இருந்தாலும் எனக்கு எருமைதான்."

வீட்டில் அவர் மனைவி ஜஹபர் நிஷா இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். "பின்னாடி ஊட்டுக்குக் குடி வந்து ஒரு வருசமாவுது. அவங்க பேரு இன்னான்னு சொல்லுங்க பாப்போம்" என்பாள். தாஜுதீன் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

ஒரே மகள் நூரீன். கல்யாணமாகி இருபது வருஷம் காத்துக் கிடந்து பிறந்தவள். அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில் முஹம்மது ஆரிபுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆரிப் மின்விசிறி, மோட்டார் பழுது பார்க்கிறவன். அவன் பழுது பார்த்த விசிறி மாதிரி தானும் அதிகம் சத்தம் போடாத பையன். அவனுக்கு அத்தா இல்லை. எல்லாம் அம்மா மைமூன் பீவிதான்.

மைமூன் பீவி ராவுத்தர் வீட்டுப் பெண். பூர்விகம் விழுப்புரம் பக்கம். அவள் தகப்பன் அந்தக் காலத்தில் குதிரை வண்டிக்கு லாடம் அடித்தவர். அந்தச் சுத்தியல் சத்தம் இவள் பேச்சில் கொஞ்சம் தங்கிவிட்டது. நிக்காஹ் விருந்தில் தாஜுதீன் தால்சாக் குழம்பைக் கரண்டியால் தூக்கிப் பார்த்து, "இதுல வலை போட்டாதான் கறி அம்புடும்" என்று பந்தியில் எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மைமூன் பீவி பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததில்லை.

நூரீனுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போனது. மூன்றாவது தங்கிவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஏழாம் மாதம் போய் அழைத்து வரவேண்டும். ஆனால் மைமூன் பீவி, பிள்ளை என் கண்ணெதிரேதான் பிறக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். ஜஹபர் நிஷா தினமும் போனில் பேசிப் பேசி, தால்சாவுக்கும் சேர்த்து நூறு தடவை மன்னிப்புக் கேட்டு, கடைசியில் ஒரு வார்த்தை வாங்கி வைத்திருந்தாள்.

"பெருநா கழியட்டும், வந்து கூப்ட்டுகிட்டு போங்க" என்று மைமூன் பீவி சொல்லியிருந்தாள்.

தாஜுதீன் அன்றைக்கே தெருப்பக்கத்து அறைக்கு வெள்ளையடித்தார். கொசுவலை வாங்கினார். பேரப் பிள்ளை அந்த அறையில் அழுகிற சத்தம் அவருக்கு அப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டது. அவருக்கு வாழ்க்கையில் இனி வேண்டியது அது ஒன்றுதான்.

ரமலான் நோன்பின் கடைசிப் பத்து நாள் வந்தது. அந்தச் சமயம் பார்த்து ஏதோ ஒரு பெரிய நாடு ஒரு சின்ன நாட்டுக்குள் புகுந்தது. தாஜுதீன் நாற்காலியை விட்டு எழவில்லை. மகளுக்கு நடுவில் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. மறுநாளும் அப்படியே. மருமகனைக் கூப்பிட்டார்.

"நல்லா கீறா மாமா. பெருநாளைக்கு அப்பறம்தான் பேசுவா" என்றான் ஆரிப்.

"ஏன், இப்ப பேசினா இன்னா?"

"இப்ப பேசக்கூடாது இல்ல மாமா?" என்று அவன் கேட்டான். மாமாவுக்குத் தெரியாதா என்ன என்கிற மாதிரிதான் கேட்டான். தாஜுதீன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

அடுத்த செய்தியை அஞ்சலாட்சி கொண்டுவந்தாள். வைத்திக்குப்பத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவருகிறவள். அவள் மகளை அரியாங்குப்பத்தில் மைமூன் பீவி வீட்டுக்கு எதிர்வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தது.

"பொண்ண மூலைல போட்டு போர்வைய கட்டி அடைச்சி வச்சிகீறாங்க பாய். சோறு கூட கீழால தள்ளி வுடறாங்க. எம் பொண்ணு சன்னல்ல பாத்திருக்கா. ஏன்னு கேட்டதுக்கு, வெளிய வரக் கூடாதுன்னு சொன்னாங்களாம் அந்தம்மா."

"எத்தினி நாளா?"

"வாரத்துக்கு மேல ஆவுதாம். நா பாத்தத சொல்லல பாய், அவ பாத்தத சொல்றேன். சங்கரா வாணுமா, நெத்திலியா?"

தாஜுதீன் நெத்திலியை வாங்கி வாசலிலேயே வைத்துக்கொண்டு நின்றார். போன் இல்லை. போர்வை. கீழால் தள்ளும் சோறு. மருமகன் பம்முகிறான். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவு சந்தேகப்பட வேண்டும் என்பது டீக்கடையில் அவரே சொல்வதுதான்.

ஜஹபர் நிஷா அடுப்படியில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உண்மையில் கேட்கவும் வேண்டியதில்லை. பத்து தொடங்கின அன்றைக்கே சோறு போடும்போது அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். இவர் "ம்" என்றார். அந்த ம் தொலைக்காட்சியில் விழுந்த குண்டுக்குப் போட்டது.

"பொம்பளைக்குத் தெரிஞ்சா அழுது ஊரக் கூட்டுவா" என்று முடிவு செய்து, விஷயம் தெரிந்த ஒரே ஆளுக்குத் தெரியாமல் தாஜுதீன் திட்டம் போட்டார்.

படைக்கு ராமலிங்கம் சேர்ந்தார். பாகூர்ப் பக்கத்து விவசாயி. காலையில் வயல், மதியத்துக்கு மேல் குட்டியானை வண்டியில் டவுனுக்குத் தேங்காய் லோடு. டீக்கடையில் தாஜுதீன் பேச்சை மறுக்காமல் கேட்கிற ஒரே மனிதர்.

"போனதும் இன்னா செய்யணும்?" என்று ராமலிங்கம் கேட்டார்.

"நா உள்ள போயி பொண்ண கூப்ட்டுகிட்டு வருவேன். நீ வண்டிய திருப்பி நிறுத்தி வையி."

"அவங்க வுடலன்னா?"

"வுடுவாங்க. சொந்த பொண்ணு, என்ன பாத்ததும் அழுதுகிட்டு ஓடியாந்து ஏறிக்கும். இதுல இன்னா கீது?"

ராமலிங்கம் தலையைச் சொறிந்தார். "அப்பறம்?"

"அப்பறம் இன்னா அப்பறம். ஊட்டுக்கு வந்துடறோம்."

தேங்காய் இறக்கி முடிய சாயங்காலமாகிவிட்டது. மரப்பாலத்தில் நெரிசல். முருங்கப்பாக்கத்தில் ஒரு கோயில் ஊர்வலம், முன்னால் தவில். தாஜுதீன் கையில் பட்டாளத்துத் தொப்பி. எதற்கு எடுத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. ஆற்றுப் பாலம் ஏறும்போது அதைத் தலையில் வைத்துக்கொண்டார்.

அரியாங்குப்பத்தில் போய் இறங்கியபோது நோன்பு திறக்கிற நேரம். ஊரில் எந்த முஸ்லிம் வீட்டுக்கும் போகக் கூடாத நேரம் என்று ஒன்று இருந்தால் அதுதான். எல்லோரும் பசியின் கடைசி நிமிஷத்தில் இருப்பார்கள். மைமூன் பீவி கூடத்தில் அண்டாவை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தூக்கில் நோன்புக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். தொப்பியோடு ஓர் ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துக் கரண்டியைப் பாதியில் நிறுத்தினாள்.

"எம் பொண்ணு எங்க?" என்றார் தாஜுதீன்.

"ஸலாம் சொல்ற வழக்கம் அந்தப் பக்கம் இல்லையா சம்பந்தி?"

"பேச்ச மாத்தாதீங்க. பொண்ண எங்க அடைச்சி வச்சிகீறீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். முதலில் திறந்த கதவு கக்கூசு. அதை மூடிவிட்டு அடுத்த அறைக்குள் போனார். அஞ்சலாட்சி சொன்னதில் ஒரு பொய் இல்லை. மூலையில் குறுக்கே கயிறு கட்டி, பூப்போட்ட போர்வை தொங்கியது. கீழே தட்டு இருந்தது. தாஜுதீன் போர்வையைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். கயிறு, ஆணி, போர்வை எல்லாம் சேர்ந்து அவர் தலைமேல் வந்து விழுந்தது.

போர்வைக்குள்ளிருந்து வெளியே வருவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரமானது. வந்து பார்த்தால் நூரீன் தொழுகை விரிப்பில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தாள். மெலியவில்லை. அழவில்லை. பக்கத்தில் தலையணை, தண்ணீர், மேசை மின்விசிறி.

"வாப்பா, இன்னா இது?" என்றாள்.

"எந்திரிம்மா. வண்டி நிக்குது." கையைப் பிடித்தார்.

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நா வர முடியாது. இந்த எடத்த வுட்டு எந்திரிச்சா நேந்துகிட்டது போச்சு. இருந்ததெல்லாம் வீணாப் போவும். உம்மா உங்ககிட்ட சொல்லலையா?"

"இன்னா சொல்லல?"

"இஃதிகாஃப் இருக்கறேன் வாப்பா. இது தங்கி மூணு மாசம் தாண்டிட்டா கடைசிப் பத்து இருக்கறன்னு நேந்துகிட்டேன். டாக்டரம்மாகிட்டயும் கேட்டுட்டுதான் நோம்பு வச்சேன்."

கடைசிப் பத்து நாளும் வெளிவேலை, வெளிப்பேச்சு எல்லாவற்றையும் விட்டு ஒரே இடத்தில் இருந்து வணங்குவதுதான் இஃதிகாஃப். அதுகூடத் தெரியாத மனிதர் இல்லை தாஜுதீன். அவருக்குத் தெரியாதது வேறு.

"அது பள்ளிவாசல்ல ஆம்பளைங்க இருக்கறது இல்ல? ஊட்டு மூலைல பொம்பளைங்க எங்க இருந்தாங்க? எங்க உம்மா இருந்தாங்களா, எங்க மாமி இருந்தாங்களா?"

மைமூன் பீவி வாசற்படியில் கரண்டியோடு வந்து நின்றாள். "நீங்க ஷாஃபி சம்பந்தி. உங்கள்ல ஊட்ல இருந்தா கூடாதும்பாங்க. நாங்க ஹனஃபி, மார்க்கச் சட்டத்துல வேற வழி. எங்கள்ல பொம்பளைங்க ஊட்லதான் இருக்கணும், தொழுவற மூலைல. எங்க பாட்டி இருந்தாங்க, எங்கம்மா இருந்தாங்க, நானும் இருந்தேன். ஆறு மட்டும்தான் நடுவுல கீதுன்னு நினைச்சீங்களா?"

தாஜுதீன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அந்தச் சமயம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

பாங்கு சொன்ன பிறகு எதிரியையும் வெளியே அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. ஆரிப் கடையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தான். மாமாவையும் ஆணியையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேரீச்சம்பழத் தட்டை நீட்டினான். தாஜுதீன் சுவரோரம் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர் முகத்தோடு ஒரு பழத்தை எடுத்து வாயில் வைத்தார்.

"வாப்பா, மத்தியானம் சாப்ட்டு மாத்திர போட்டீங்கல்ல? சக்கரைய வச்சிகிட்டு பட்டினி கிடக்காதீங்க" என்று மூலையிலிருந்து நூரீன் அக்கறையோடு கேட்டாள்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. மைமூன் பீவி மட்டும் இருமினாள்.

ஆபத்துக்கு உதவ ராமலிங்கத்தைத் தேடினால், அவர் எதிர்வீட்டுப் படியில் அஞ்சலாட்சி மகளோடு உட்கார்ந்து இரண்டாவது தம்ளர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "பாய், கஞ்சி நல்லாக் கீது. உங்க தெரு கஞ்சியவிட இது கெட்டி" என்று வாசல் வழியாகவே குரல் கொடுத்தார்.

கிளம்பும்போது மைமூன் பீவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாஜுதீனும் பதிலுக்குப் போட்டிருப்பார். விழுந்த ஆணியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு போன் போட்டுக் கேக்காதவர் ஊட்டுக்கு என் மருமவள நா அனுப்ப மாட்டேன். பெத்தவரு, பிரசவத்துக்கு வந்து பாத்துட்டுப் போங்க. பிள்ள இங்கதான் பொறக்கும்."

தாஜுதீன் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து மணியை உருட்ட ஆரம்பித்திருந்தாள். மாமி சொன்னதை மறுக்கவில்லை. அதுதான் அவரை அடித்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஜஹபர் நிஷா எழுந்து உள்ளே போனாள். வெள்ளையடித்த அறையின் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினாள்.

"நா மாசக்கணக்கா ஒவ்வொரு கல்லா வச்சிக் கட்டனேன். நீங்க லாரிய வுட்டு ஏத்திட்டீங்க."

"அஞ்சலாட்சி சொன்னா..."

"அஞ்சலாட்சி மீன் விக்கறவ. அவ பொண்ணு சன்னல்ல பாத்தவ. நா உம்மா. நா எங்க இருந்தேன்? பக்கத்துல இல்ல?"

பெருநாள் கழிந்தது. நூரீன் நேர்ந்தது நிறைவேறி மூலையை விட்டு எழுந்தாள். ஜஹபர் நிஷா ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறி அரியாங்குப்பம் போனாள். தாஜுதீன் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு அவள் பார்த்த பார்வையில் அவர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

அங்கே போய் அவள் பிரசவப் பேச்சை எடுக்கவே இல்லை. வெங்காயம் உரித்தாள். துணி மடித்தாள். மைமூன் பீவிக்கு மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்தாள். மூன்றாம் நாள் முறுக்கு பிழிந்துகொண்டிருக்கும்போது மைமூன் பீவி தானாகவே சொன்னாள்.

"நானும் தலைப்பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்குத்தான் போனேன். ஆரிபுக்கு மூத்தது. நல்ல மழ. ரோடு தண்ணில போயிடுச்சி. கட்டில்ல தூக்கிகிட்டு ஓடனாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ள போயிடுச்சி. இங்க இருந்திருந்தா பொழச்சிருக்கும்னு ஆரிபோட அத்தா சாவற வரைக்கும் சொன்னாரு. இதுக்கும் ரெண்டு போயிடுச்சி. இத என் கண்ணுல படாம எங்கயோ அனுப்பிட்டு நா எப்படித் தூங்கறது?"

ஜஹபர் நிஷா முறுக்கு அச்சைக் கீழே வைத்தாள். தால்சாவுக்குத்தான் இவ்வளவு பிடிவாதம் என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். மாசக்கணக்கில் பேசியும் அவள் ஏன் என்று கேட்டதில்லை, அனுப்புங்கள் என்றுதான் கேட்டிருந்தாள்.

"அப்ப நீங்களும் வந்துடுங்க மதினி" என்றாள். "பொண்ணு எங்க ஊட்ல இருக்கட்டும். நீங்க அது பக்கத்துல இருங்க."

மைமூன் பீவி உடனே சரி சொல்லவில்லை. ஒரு நாள் மதியம் ஆரிபோடு வந்து வீட்டைப் பார்த்தாள். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு எந்த வழி, மழை பெய்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், ராத்திரி கூப்பிட்டால் எந்த ஆட்டோக்காரர் வருவார் என்று கேட்டாள். கொல்லைப்பக்கம் போய்ப் பின்வீட்டுப் பெண்ணோடு பேசினாள். அவள் பேர் சிவசங்கரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை என்று தெரிந்துகொண்டு வந்தாள். தாஜுதீனுக்கு அந்தச் செய்தி அன்றைக்குத்தான் தெரியும்.

ஏழாம் மாதம் நூரீன் வந்தாள். கூடவே மைமூன் பீவி இரண்டு டிரங்குப் பெட்டியோடும் ஒரு கோழியோடும் வந்து இறங்கினாள்.

முதல் வாரத்தில் அடுப்படி போனது. மிளகாய்த்தூள் டப்பா இடம் மாறியது. இரண்டாம் வாரத்தில் தாஜுதீனின் நாற்காலி போனது. மூட்டு வலிக்காரிக்கு அது தோதாக இருந்தது. அப்புறம் தொலைக்காட்சி. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் குண்டு வெடிக்கிற சத்தம் ஆகாது என்று சீரியல் வைத்தாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் "சம்பந்தி, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாதபடி கேட்டாள்.

"எம் பட்டாளத்துல இந்தம்மா மாரி ஒரு கமாந்தான் இருந்திருந்தா அந்த ஊர்க்காரனுங்களே எங்கள போவ வேணாம்னு சொல்லியிருப்பானுங்க" என்று தாஜுதீன் டீக்கடையில் ராமலிங்கத்திடம் சொன்னார். அவருடைய பகல்பொழுது இப்போது முழுக்க அங்கேதான்.

ஒரு மழைநாளில் நூரீனுக்கு வலி கண்டது. சிவசங்கரி ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை, நிதா என்று பெயர் வைத்தார்கள். துணியில் சுற்றிக் கொண்டுவந்ததும் மைமூன் பீவி வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அழுது தாஜுதீன் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அவள் அதில் மூக்கைச் சிந்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

நாற்பது நாள் தீட்டு கழிந்தது. நூரீன் அரியாங்குப்பம் திரும்பலாம் என்று பேச்சு வந்தது. குளிர் போகட்டும் என்றாள் மைமூன் பீவி. குளிர் போனது. பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்றாள். தலையும் நின்றது. ஜஹபர் நிஷாவும் அவளும் சாயங்காலங்களில் ஒன்றாகக் கடைத்தெருவுக்குப் போய்வர ஆரம்பித்தார்கள்.

"எப்ப கிளம்பறாங்களாம்?" என்று ராமலிங்கம் கேட்டார்.

"கேக்கல" என்றார் தாஜுதீன்.

"ஏன், கேட்டாதான் இன்னா?"

தாஜுதீன் எழுந்து வீட்டுக்கு நடந்தார். பிள்ளை தூங்கி எழுகிற நேரம். வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. ஆரிப் அதிலிருந்து தன் அம்மாவின் மாவு அரைக்கும் கிரைண்டரை இறக்கிக்கொண்டிருந்தான்.

"ஒரு கை புடிங்க மாமா" என்றான். தாஜுதீன் தொப்பையை எக்கிக்கொண்டு குனிந்து மறுபக்கத்தைத் தூக்கினார்.